ஒரு நாள் முந்திப் பார்த்த பெட்டி

நீலவாடி எஸ்டேட்டில் ஒரு நாள் என்பது மாலைச் சங்கு ஊதியதும் முடிந்துவிடும். மற்ற ஊர்களில் நாள் நடுராத்திரி வரைக்கும் இழுத்துக்கொண்டு கிடக்கலாம், அது அந்த ஊர்களின் பாடு. ஆனைமலையின் மடிப்பு ஒன்றில், வருஷத்தில் பாதி மழையும் மீதி மூடுபனியுமாக இருக்கும் அந்த எஸ்டேட்டில், கடைசிச் சாக்குத் தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுச் சங்கு ஊதியதும், கீழ்ப்பாடி முனையில் டீக்கடை வைத்திருக்கும் மொய்து காக்கா எழுந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, அதிலேயே முதல் ஆளுக்கு வடை கட்டிக் கொடுத்துவிடுவார். சங்கு ஊதும் வரைக்கும் உள்ள பொழுது எஸ்டேட்டுக்குச் சொந்தம், அதற்குப் பிறகு மிஞ்சுகிற பொழுது நமக்குச் சொந்தம், அதை நாளையிலிருந்து முன்கூட்டியே பிடுங்கி வைத்துக்கொள்கிறோம் என்பது பாடி என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் குடியிருந்த எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இந்த வழக்கத்தை யார் தொடங்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை, இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, கேமரா வரும்வரைக்கும்.

கேமராவைக் கொண்டுவந்தவள் வடிவுக்கரசி. அவள் அந்தக் கீழ்ப்பாடியில் பிறந்தவள்தான். பொள்ளாச்சியில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கித் திரும்பிய பிறகும் அவளுடைய குரல் மட்டும் வளராமல் அப்படியே நின்றிருந்தது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் வேறு யாராவது இறங்கும்போது அவர்களோடு இறங்கி, வந்த வழியே நடந்து வருவாள். ஆனால் வாய்க்குச் சேர வேண்டியதெல்லாம் அவளுடைய கண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தேயிலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் நகக்கண் அளவுத் தவளையையும், டீக்கடைக்கு வந்தவர் கால் மாற்றிச் செருப்புப் போட்டிருப்பதையும் அவள்தான் முதலில் பார்ப்பாள், பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டாள். அவளுடைய அம்மா பிச்சம்மாளோ மேல் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டே சிரித்தால் கீழ்ச் சரிவில் இருப்பவர்கள் நிமிர்ந்து என்ன விஷயம் என்று கேட்பார்கள். அப்பா காலமான பிறகு அந்த வீட்டில் இருந்தது இரண்டு பேர்தான். அம்மா பேசுவாள், மகள் பார்ப்பாள், வீடு நிறைந்துதான் இருந்தது.

யானைகள் எந்த வழியாகப் போய் வருகின்றன என்று ஆராய்கிற ஒரு நிறுவனம் வடிவுக்கு வேலை கொடுத்து, டிபன் பாக்ஸ் அளவில் இலைப்பச்சை நிறத்தில் ஒரு கேமராவையும் கொடுத்தது. கீழ்ப்பாடிக்குப் பின்னால், தேயிலை முடிந்து ஆற்றோரச் சோலை தொடங்கும் இடத்தில், ஒரு நாவல் மரத்தை ஒட்டி ஆனைத்தடம் போகிறது. அந்த மரத்தில் முழங்கால் உயரத்தில் பட்டை கட்டி அவள் கேமராவை மாட்டினாள். காற்றில் ஆடும் புல்லைக்கூட மிருகம் என்று நினைத்துப் படமெடுக்கும் என்பதால் எதிரே இருந்த புல்லை அறுத்தாள். காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் அடிக்காமல் முகத்தை வடக்கே திருப்பினாள். அப்புறம்தான் அவள் பயந்த வேலை வந்தது. கேமரா விழித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அதன் எதிரே யாராவது மிருகத்தைப் போலத் தவழ்ந்து போக வேண்டும். வேலை முடிந்து சாக்கும் கையுமாக வந்துகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் தடத்துக்கு மேலே வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"காலேஜுல இதத்தான் மூணு வருசம் சொல்லிக் குடுத்தாங்களா, வடிவு?" என்றாள் ஒருத்தி.

"வாலு எங்க புள்ள? வால மறந்துட்டியே!" என்றாள் இன்னொருத்தி.

வடிவு முகம் சிவந்து நான்கு எட்டுத் தவழ்வதற்குள் எழுந்துவிட்டாள். பிச்சம்மாள் சாக்கைத் தோளிலிருந்து இறக்கி, அதையே துதிக்கையாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தடத்தில் இறங்கினாள். "தள்ளுடி. ஆனை எங்கயாவது தவழுமா? இப்பிடி நடக்கும்" என்று இடுப்பை ஆட்டி ஆட்டி நடந்தாள். கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது.

"என்ன சொல்லுது பெட்டி?"

"மூணு படம் எடுத்துருச்சும்மா. இனி ஒரு நிமிசம் கண்ண மூடிக்கும். அப்புறந்தான் மறுபடி எடுக்கும்."

"ஒரு நிமிசம் என்ன பண்ணும்?"

"ஓய்வு எடுக்கும். இல்லன்னா பேட்டரி தீந்துரும்."

"கெட்டிக்காரப் பெட்டி. எங்களுக்கும் அப்பிடி ஒரு நிமிசம் வேணும்னு தங்கராசுகிட்ட சொல்லு" என்றாள் பிச்சம்மாள், சூப்பர்வைசர் தங்கராசு பின்னாலேயே குடையோடு நிற்கிறார் என்று தெரிந்தே.

அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் வடிவு தன்னுடைய தவழல் படங்களை அழித்தாள். பெட்டி கடைசியாகத் தேதி கேட்டது. மழையில் கரண்ட் போய் அவளுடைய போன் செத்துக் கிடந்தது. அவள் தயங்குவதைப் பார்த்து அம்மாவே கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "காக்கா, இன்னைக்கு என்ன தேதி?" சற்று முன்புதான் சங்கு ஊதியிருந்தது. மொய்து காக்கா தாளைக் கிழித்து வடை கட்டிவிட்டு, சுவரில் புதிதாக வெளியே வந்திருந்த தேதியைப் பார்த்துத் திருப்பிக் கத்தினார். வடிவு அதையே பதித்து மூடியைச் சாத்தினாள். அட்டைப்பூச்சிகள் காலில் ஏறத் தொடங்கியிருந்ததால் எல்லாரும் வேகமாக இறங்கிப் போனார்கள். கேமரா தனக்குச் சொல்லப்பட்ட தேதியை நம்பியது, நம்பியபடியே வேலை செய்தது.

மறுநாள் மாலை கரண்ட் வந்திருந்தது. டவுனில் இருக்கும் ஆபீஸுக்கு வாரம் ஒரு முறைதான் போக முடியும், ஆனால் மொய்து காக்காவின் கடை டிவியில் மெமரி கார்டைச் செருக ஒரு துளை இருந்தது. தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று வடிவு முனகியதை யாரும் கேட்கவில்லை. சீரியல் நின்றது, படங்கள் வந்தன. ஒரு முள்ளம்பன்றி முள்ளைக் குஞ்சமாக விரித்துக்கொண்டு, தடத்தின் குறுக்கே விழுந்து கிடந்த சவுக்கு மரத்தின் மேல், கல்யாண மேடையில் ஏறுவதுபோல ஏறிப் போனது. கடை முழுக்க "அடடா" என்றது. பிச்சம்மாள் மட்டும் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள், "அந்தச் சவுக்கு இன்னும் விழலையே. நான் இப்பத்தான் அதுல சாஞ்சு நின்னு வெத்தல போட்டுட்டு வந்தேன்."

படத்தின் அடியில் நாளைத் தேதி இருந்தது. வடிவு தன் தவறு என்று நினைத்துக் காது வரை சூடானாள். ஆனால் மறுநாள் காலை, ஓர் இலைகூட அசையாத நேரத்தில், சவுக்கு மரம் பெருமூச்சு விட்டுவிட்டுத் தடத்தின் குறுக்கே படுத்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்து பார்த்து, "ஆமா, இன்னைக்குத்தான" என்று சொல்லிவிட்டுக் கைவேலையைத் தொடர்ந்தார்கள்.

அதன் பிறகு நீலவாடியில் எல்லாரும் மாலையில் நாளையைப் பார்த்தார்கள். நாளைக்குக் காட்டுமாடு வருகிற நேரம் தெரிந்ததால், பிள்ளைகளை ஏற்றிப் போகும் ஜீப் அந்த நேரத்தில் மேல்வழியாகப் போனது. நாளைக்குக் கரடி வருகிற சரிவில் தங்கராசு ஆள் போடவில்லை. நாளைப் படத்தில் தடம் ஈரமாக இருந்தால் பெண்கள் இன்றைக்கே துணி துவைத்துக் காயவைத்தார்கள். தேதியைச் சரிசெய்யச் சொல்லி அதட்டுவதற்காக ஜீப்பில் வந்த வனவர் அருள்தாஸ், டிவிக்கு எதிரே உட்கார்ந்து, நாளைக்கு வரப்போகும் செந்நாய்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, வந்த வேலையை மறந்து இரண்டாவது டீ சொன்னார். அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். இது எப்படி நடக்கிறது என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டபோது, மொய்து காக்கா ஆச்சரியப்பட்டுப் பதில் சொன்னார், "எப்படியா? நம்ம தேதி சொன்னோம், அது கேட்டது."

நாளையை மாற்ற முடியுமா என்ற சந்தேகமும் சீக்கிரத்தில் தீர்ந்தது. ஒரு மாலைப் படத்தில் தங்கராசு, குடை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகத் தடத்துச் சேற்றில் மல்லாந்து கிடந்தார். கடை அதிரச் சிரித்தது. "நான் நாளைக்கு அந்தப் பக்கமே போகமாட்டேன், என்ன பண்ணுவீங்க?" என்று அவர் சவால் விட்டார். மறுநாள் அவருடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு தடத்தில் இறங்கியது. அதைப் பிடிக்கப் போனவர், குடையைத் தானாக எடுக்கவில்லையே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோதே, மழை வருகிறதென்று மனைவி கையில் திணித்துவிட்ட குடையோடு அதே சேற்றில் அதே கோலத்தில் கிடந்தார். அன்றிலிருந்து படத்தில் விழுந்தது விழுந்ததுதான் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது.

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்று தெரிந்து மனிதர்கள் ஒதுங்கிக்கொண்டதால், தடம் மிருகங்களுக்கே விடப்பட்டது. பட்டாசு இல்லை, தகரம் தட்டுவது இல்லை, எதிரே வந்து அலறுகிறவர் இல்லை. நாளாக நாளாகப் படங்களில் இருந்த மிருகங்களின் தோள்கள் தளர்ந்தன. கரடி இரண்டு குட்டிகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு பகலிலேயே வந்தது. சிறுத்தை தடத்தின் நடுவில் படுத்துத் தன் முன்னங்காலை நக்கிக்கொண்டு, அடுப்படி வேலை முடிந்த பெண்ணைப்போலக் கண்ணை மூடியது. இருவாச்சி ஒன்று தரையில் இறங்கி, கேமராவின் கண்ணாடியில் தன் அலகைப் பார்த்துக்கொண்டது. ஆனைமலையில் பிறந்து வளர்ந்து, யானை என்றால் ஓடவும் கதவைச் சாத்தவும் மட்டுமே தெரிந்திருந்த அந்த மக்கள், இப்போது டீ ஆறுவது தெரியாமல் அதன் கண்ணிமை மயிரைப் பார்த்தார்கள். "இவ்வளவு நீளமா இருக்கு புள்ள, மையா வச்சிருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

எல்லாருக்கும் பிடித்தது ஓட்டைக்காதிதான். இடது காதில் ஒரு ரூபாய் நாணயம் போகிற அளவுக்கு ஓட்டை உள்ள பெண் யானை அது. அதன் வயிற்றுக்கு அடியில் எப்போதும் ஒரு குட்டி நடந்து வரும், மழை பெய்தால் நனையாது, வெயில் அடித்தால் காயாது. ஓட்டையின் வழியாகப் பின்னால் இருக்கும் வானம் தெரிகிற படத்தைப் பார்த்த அன்று பிச்சம்மாள், "கம்மல் போட்டா நல்லா இருக்கும்" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் பேசாமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பேசாமல் இருந்ததை வடிவு மட்டும் கவனித்தாள்.

ஆடி மழை கனத்த ஒரு மாலை, வடிவு வழக்கம்போலக் கார்டைக் கொண்டுவந்து டிவியில் செருகினாள். மூன்றே படங்கள் இருந்தன. முதல் படத்தில் தடத்துச் சேற்றில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள், அவளுக்கு மேலே ஓட்டைக்காதியின் முன்னங்கால் தூக்கி நின்றது. இரண்டாவது படத்தை யானையின் வயிறு அடைத்திருந்தது. மூன்றாவது படத்தில் அந்தப் பெண் இல்லை, யானையும் இல்லை, ஒரு கொழுந்துச் சாக்கு மட்டும் தடத்தில் கிடந்தது. முதல் படத்தில் இருந்தவளின் முதுகில், நீல ரவிக்கையில் வைத்துத் தைத்த சிவப்பு ஒட்டு இருந்தது. தன் அம்மாவுக்கு அந்த ஒட்டைத் தைத்தவள் வடிவு.

யாரோ டிவியை அணைத்தார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"மூஞ்சி தெரியாம எடுத்திருக்கு பாரு பெட்டி" என்றாள் பிச்சம்மாள்.

அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அருள்தாஸ் தன் ஆட்களை எல்லாம் கூட்டிப்போய் யானைகளை எதிர்மலையிலிருந்து தாண்டவிடாமல் மறித்து நிற்பதாகச் சொன்னார். தங்கராசு நாளைக்குக் கீழ்ப்பாடிப் பக்கமே ஆள் போடாமல், ஒருத்தர் விடாமல் உச்சிச் சரிவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார், சொல்லிவிட்டு, "ஆனா நானும் போகமாட்டேன்னுதான் சொன்னேன், பிச்சம்மாக்கா" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். மொய்து காக்கா தன் கல்லாப்பெட்டியின் கனத்த பூட்டைக் கழற்றி வடிவின் கையில் வைத்து, மகளிடம் பேசுவதுபோலத் தன் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். "கதவு உள்ளே இருந்து பூட்டிக்கோ, மோளே. சாவி நீ வச்சுக்கோ. அம்மா கேட்டாலும் கொடுக்காதே. அம்மாவோட வாய் எப்படின்னு நினக்கு அறியும்."

வடிவு தலையசைத்தாள். அவளுக்கு வேண்டியது உலகத்தில் ஒன்றுதான், நாளை மாலை சங்கு ஊதும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும்.

காலையில் உள்தாழ்ப்பாளில் பூட்டு தொங்கியது. சாவி வடிவின் கழுத்துக் கயிற்றில் இருந்தது. மழை தகரக் கூரையில் விடாமல் இறங்கியது. பாடி முழுக்கக் காலி, எல்லாரும் உச்சிச் சரிவுக்குப் போய்விட்டார்கள். பிச்சம்மாள் சாவியைக் கேட்கவே இல்லை. அரிசி புடைத்தாள், தங்கராசு சேற்றில் கிடந்த கோலத்தைச் சொல்லிச் சிரித்தாள், மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணெய் வைத்துத் தலைவாரிவிட்டாள். பின்னல் பாதி போட்டிருக்கும்போது தடத்தின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

அது யானை பிளிறும் சத்தம் இல்லை. சின்னதாக, கீச்சென்று, நிறுத்தி நிறுத்தி, பசிக்கிற பிள்ளை கடைசியில் அழுகிற குரலில் வந்தது. அதற்குப் பின்னால் தேயிலைச் செடிகள் முறிகிற சத்தமும், பெரிய உடம்பு ஒன்று அங்கும் இங்கும் ஓடுகிற அதிர்வும் கேட்டன.

"குட்டி வடிகால்ல விழுந்திருச்சு" என்றாள் பிச்சம்மாள். சீப்பு அவள் கையில் நின்றது. "போன வாரம்தான் அத ஆழமா வெட்டுனாங்க. மழைத் தண்ணி வேற."

வடிவு கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கேக்கமாட்டேன் புள்ள. பூட்டுனவ நீ, நீயே சொல்லு."

குட்டி மறுபடியும் கத்தியது. வடிவு கண்ணை மூடிக்கொண்டு அந்த முதல் படத்தை மறுபடியும் பார்த்தாள், எல்லாரும் பார்த்த சேற்றையும் தூக்கிய காலையும் விட்டுவிட்டு, யாரும் பார்க்காத ஓரத்தைப் பார்த்தாள். தவறி விழுந்தவளாக இருந்தால் கை நெஞ்சுக்கடியில் மடங்கியிருக்கும். படத்தில் அம்மாவின் கை நீண்டு, படத்தின் இடது ஓரத்தையும் தாண்டி வெளியே போயிருந்தது. இடது ஓரத்துக்கு வெளியே இருப்பது வடிகால். ஓட்டைக்காதியின் வயிற்றுக்கு அடியில் குட்டி இல்லை. தூக்கிய காலும் மிதிக்கப் போகிற கால் இல்லை, பாடி வீட்டில் தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகும்போது பெண்கள் தூக்குகிறார்களே, அந்தக் கால்.

"அம்மா" என்றாள் வடிவு. அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "படத்துல நீ விழுந்து கிடக்கல."

"பின்ன?"

"எட்டிப் பிடிக்கிற."

மூன்றாவது படத்தில் இருந்த தனிச் சாக்கைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. வடிவு சாவியை இரண்டு கையாலும் பிடித்துப் பூட்டைத் திறந்தாள். வீட்டில் இருந்த சாக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு இருவரும் மழையில் ஓடினார்கள்.

குட்டி வடிகாலுக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, முன்னங்கால்களைக் கரையில் வைப்பதும் சேறு வழுக்கிச் சரிவதுமாக இருந்தது. எதிர்மலையில் மறித்து நின்றவர்களுக்குத் தெரியாமல் வந்துவிட்ட ஓட்டைக்காதி கரையோரத்தை மிதித்து மிதித்து மண்ணை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. வடிவை நாவல் மரத்துக்குப் பின்னால், கேமராவின் முதுகுப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "நீ படத்துல இல்ல, வராத" என்று சொல்லிவிட்டுப் பிச்சம்மாள் ஒரு சாக்கோடு தடத்தில் இறங்கினாள், முன்பு ஒரு நாள் யானையைப்போல நடந்து காட்டிய அதே தடத்தில். யானையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், "இருடி, இருடி, வந்துட்டேன்" என்றாள். குப்புறப் படுத்தாள். சாக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு வடிகாலுக்குள் கையை நீட்டினாள். சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது. ஓட்டைக்காதி அவளுக்கு மேலே வந்து, காலைத் தூக்கி, அவளைத் தாண்டி வைத்தது. வயிறு எல்லாவற்றையும் மறைத்தது. அப்போது கரை இடிந்தது, பிச்சம்மாள் சத்தமில்லாமல் வடிகாலுக்குள் சரிந்தாள், யானை விலகி அவளுக்குப் பின்னால் கரையைச் சுற்றிப் போனது. தடத்தில் சாக்கு மட்டும் கிடந்தது. மூன்றாவது படம்.

அதோடு கேமரா ஒரு நிமிஷம் கண்ணை மூடியது.

நீலவாடியில் யாரும் முன்கூட்டிப் பார்த்திராத நிமிஷம் அது. எந்த டிவியிலும் வராதது, என்ன நடக்கும் என்று யாரும் சொல்லிவைக்காதது. வடிவு மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பஸ் கண்டக்டருக்கு எட்டாத அந்தக் குரலில், தன் அம்மாவையும் ஒரு குட்டியையும் நோக்கிக் குனிகிற ஒரு மலையைப் பார்த்து, "பொறு!" என்று கத்தினாள். உச்சிச் சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் நிமிர்ந்தார்கள். அது பிச்சம்மாளின் குரல் என்றுதான் முதலில் நினைத்தார்களாம்.

ஓட்டைக்காதி பொறுத்தது. அதை எப்படிச் சொல்வது என்று வடிவுக்குப் பிறகும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டே, குட்டியிடம் பாய்ந்துவிடாமல் நின்றது. வடிவு தடத்தில் கிடந்த சாக்கையும் தன் கையில் இருந்த சாக்குகளையும் கீழே எறிந்தாள். வடிகாலுக்குள் இடுப்பளவு தண்ணீரில், குட்டிக்கும் மண்சுவருக்கும் நடுவில் நசுங்கி நின்ற பிச்சம்மாள், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டியின் முன்னங்காலுக்கு அடியில் திணித்தாள். சாக்கின் சொரசொரப்பில் கால் ஊன்றியது. குட்டி ஒரு முறை ஏறி, சரிந்து, மறுபடி ஏறியது. மேலேயிருந்து துதிக்கை இறங்கி அதன் வயிற்றை வளைத்தது. தண்ணீரும் சேறும் அம்மாவின் தலையில் கொட்ட, குட்டி கரையில் இருந்தது.

அதற்குப் பிறகு ஓட்டைக்காதி உடனே போகவில்லை. துதிக்கையை நீட்டி வடிவின் உச்சந்தலையிலிருந்து, பாதிப் பின்னலில் அவிழ்ந்து கிடந்த கூந்தல் வழியாக, மோவாய் வரைக்கும் மெல்ல முகர்ந்தது. கசக்கிய புல்லும் ஆற்று மணலும் கலந்த மூச்சு அது. யாராவது பார்த்தாலே குறுகிப்போகிற வடிவு, அசையாமல் நின்று தன்னை முழுசாகப் பார்க்கக் கொடுத்தாள். பிறகு அவை சோலைக்குள் போயின, குட்டி தன் இடத்தில், வயிற்றுக்கு அடியில். வடிவு வடிகாலில் கைகொடுத்து அம்மாவை இழுத்தாள். இருவரும் கரையில், படத்தின் ஓரத்துக்கு வெளியே, சேற்றில் உட்கார்ந்துகொண்டார்கள். கேமரா கண்ணைத் திறந்தபோது தடத்தில் யாரும் இல்லை.

"என் சாக்கெல்லாம் போச்சு" என்றாள் பிச்சம்மாள். அப்புறம் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை சங்கு ஊதியபோது அவள் டீக்கடையில், இரண்டு முழங்கையிலும் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது, வடிவு, "நான் சொல்றேன்மா" என்றாள். கடை திரும்பிப் பார்த்தது. அவள் சொன்னாள், கண்ணால் பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல், யானை பொறுத்துக்கொண்டு நின்றதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி. அருள்தாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி, நாளைக்கு என்ன?" என்றார் தங்கராசு கண்ணைத் துடைத்தபடி. வடிவு கார்டைச் செருகினாள். டிவி நீலமாக விரிந்தது. ஒரு படமும் இல்லை.

"ஒண்ணுமே வராதா? காடு காலியாயிருச்சா?" என்று ஒருத்தி பதறினாள்.

வடிவு அந்த வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு விளங்கியது. நாளைய படங்கள் இன்றைக்கே வரவில்லை என்றால், நாளை விடிவதற்குள் யாரோ கேமராவின் தேதியைச் சரிசெய்துவிடப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"காடு அப்படியேதான் இருக்கு" என்றாள். "நான் இப்பப் போயி தேதியச் சரி பண்ணப் போறேன். அதான்."

"அதெப்படி? நாளைக்கு எந்தச் சரிவுல ஆள் போடுறது? பிள்ளைங்க ஜீப்பு எந்த வழியாப் போறது?" என்று தங்கராசு எழுந்துவிட்டார்.

"அண்ணே, மூணு படத்துலயும் எங்கம்மா செத்துத்தான் போயிருந்தாங்க. கேமரா கண்ண மூடுன அந்த ஒரு நிமிசத்துலதான் பிழைச்சாங்க. எனக்கு அந்த நிமிசம் வேணும்." அவள் டிவியிலிருந்து கார்டை உருவினாள். "தடத்துல வர்றவங்கள எல்லாரும் இவ்வளவு நாளாப் பாத்துட்டோம்ல. இனி வழிவிடத் தெரியாதா நமக்கு?"

தங்கராசு மெல்ல உட்கார்ந்தார். மொய்து காக்கா, சற்று முன் கிழித்து வடையை வைத்திருந்த தாளிலிருந்து வடையை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளை நீட்டினார். "இது இன்றைய தேதி, மோளே. சரியான இன்றைக்கு."

மழை விட்டிருந்தது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எல்லாரும் அவள் பின்னாலேயே தடத்துக்கு ஏறினார்கள். வடிவு மூடியைத் திறந்து, எண்ணெய்த் தாளைப் பார்த்துத் தேதியைப் பதித்து, மூடினாள். வேலை பாதிதான் முடிந்திருந்தது. பெண்கள் தடத்துக்கு மேலே வரிசையாக நின்றார்கள், இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. வடிவு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள், சேற்றில் கையை ஊன்றினாள், நான்கு காலில் கேமராவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, தடத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், அவசரமில்லாமல், தோளை அசைத்து அசைத்துப் போனாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. அந்தப் படங்களை அவள் அழிக்கவில்லை.

மறுநாள் மாலை கடையில் டிவி போட்டபோது முதலில் வந்தது அதுதான். நேற்றைய தேதியில், நேற்று நடந்தபடியே, சேறும் சிரிப்புமாக, பாதிப் பின்னலோடு ஏதோ ஒன்று தடத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

"இது ஏது மிருகம்?" என்றார் மொய்து காக்கா, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

"அதுவா காக்கா?" என்றாள் பிச்சம்மாள், மேல் சரிவு வரைக்கும் கேட்கிற மாதிரி. "அது எம் பொண்ணு."